தகவல் தொழில்நுட்ப அறம்: தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

வட்டாரப் பொங்கல் விழாவுக்குப் பதிவுசெய்ய ஒரு கூகல் படிவம். துணைப்பாட வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க இன்னொரு படிவம். கோயில் அன்னதானத் தொண்டூழியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நம் சமூக அமைப்புகளின் வேலைகளில் பெரும்பகுதி இப்போது திறன்பேசியில்தான் நடக்கிறது.

இவற்றை உருவாக்குவோர் பெரும்பாலும் தொண்டூழியர்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால், நிரப்பிய படிவம் விழா முடிந்தபின் எங்கே போகிறது, அதை யார் யார் திறந்து பார்க்கலாம், எப்போது அழிப்பார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் கிடைப்பதில்லை.

இத்தகைய கேள்விகளை ஆராயும் துறையே தகவல் தொழில்நுட்ப அறம். அதில் அடிக்கடி வரும் முக்கியச் சொற்களை, சிங்கப்பூரில் நடந்த நிகழ்வுகளுடன் இங்கு தொகுத்துள்ளோம்.

துறை பிறந்த கதை

கணினி மனித வாழ்வை எப்படி மாற்றும் என்பதை அமெரிக்கக் கணித அறிஞர் நோர்பர்ட் வீனர் 1950ஆம் ஆண்டிலேயே ஒரு நூலில் அலசினார். 1970களில் வால்டர் மேனர் என்ற பேராசிரியர் ‘கணினி அறம்’ என்று இத்துறைக்குப் பெயர் சூட்டினார்.

1985ல் ஜேம்ஸ் மூர் எழுதிய கட்டுரை ‘கொள்கை வெற்றிடம்’ என்ற கருத்தை முன்வைத்தது. புதிய தொழில்நுட்பம் வரும்போது, இதுவரை யாரும் செய்ய முடியாத காரியங்கள் முடிகின்றன. அவற்றைச் செய்யலாமா, கூடாதா என்று சொல்லும் விதி அப்போது இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே அறம் பேசுவோரின் வேலை என்றார் அவர்.

மறு ஆண்டு, 1986ல், ரிச்சர்ட் மேசன் நான்கு கேள்விகளை வகுத்தார். அந்தரங்கம், துல்லியம், உடைமை, அணுக்கம் என்பவை அவை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கடந்தும் அந்த வகைப்பாடு பயன்படுகிறது. இந்தக் கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது.

அறமும் சட்டமும்

இரண்டும் ஒன்றல்ல. எதைச் செய்தால் தண்டனை என்று சட்டம் சொல்லும். தண்டனை இல்லாவிட்டாலும் எதைச் செய்யக்கூடாது என்று அறம் கேட்கும்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பக் காரியமாகச் செய்பவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது. மருத்துவமனையில் படுத்திருக்கும் மாமாவின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அச்சட்டம் தலையிடாது. ஆனால், அந்தக் கோலத்தில் எல்லாரும் தம்மைப் பார்ப்பதை அவர் விரும்புவாரா என்ற கேள்வி இருக்கவே செய்கிறது.

அதே வேளையில், பலர் அறியாத ஒன்றும் உண்டு. பதிவுபெற்ற நிறுவனங்கள் மட்டுமல்ல, சங்கங்களும் மன்றங்களும்கூட அச்சட்டத்தின்கீழ் ‘அமைப்பு’ எனக் கருதப்படுகின்றன. தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரையாவது அவை நியமிக்கவேண்டும். அரசாங்க அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டமும் தனி விதிமுறைகளும் உள்ளன.

1. அந்தரங்கம்

தனிநபர் தரவு: ஒருவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் எந்தத் தகவலும் இதில் அடங்கும். பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், முகம் தெரியும் படம், குரல் பதிவு ஆகியன எடுத்துக்காட்டுகள். தகவல் உண்மையா, பொய்யா என்பது இங்கு பொருட்டல்ல. தவறான தகவலும் தனிநபர் தரவே.

ஒப்புதல்: எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்து, மறுக்கும் வாய்ப்பும் இருந்து, அதன்பின் ஒருவர் தரும் சம்மதமே ஒப்புதல். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. ‘மறுக்கும் வாய்ப்பு’ என்பதே இதன் உயிர்நாடி. முதலாளி கேட்கும்போது வெளிநாட்டு ஊழியரும், ஆசிரியர் கேட்கும்போது பெற்றோரும் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார்கள். தயக்கத்தில் பிறந்த சம்மதத்தை முழுமையான ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது சரியன்று.

நோக்க வரம்பு: ஒன்றுக்காகப் பெற்ற தகவலை வேறொன்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது இதன் பொருள். இதற்கு நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ‘டிரேஸ்டுகெதர்’. கொவிட்-19 தொடர்புத் தடங்களைக் கண்டறிய 2020 மார்ச்சில் அச்செயலி அறிமுகமானது. தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று அப்போது கூறப்பட்டது. 2021 ஜனவரியில், குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை அத்தரவைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பொதுமக்களிடையே கேள்விகள் எழுந்தன. அதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தாதது தவறு என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். மறுமாதம், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அத்தரவைப் பயன்படுத்தலாம் எனச் சட்டம் வரம்பிட்டது.

இதையே நம் அளவில் யோசித்துப் பார்க்கலாம். பட்டிமன்றத்துக்குப் பதிவுசெய்தோரின் கைப்பேசி எண்களை, செயலவை உறுப்பினர் ஒருவர் தம் காப்புறுதி விற்பனைக்குப் பயன்படுத்துவதும் நோக்க வரம்பை மீறும் செயலே.

அடையாளமும் உறுதிப்பாடும்: ‘நான் இன்னார்’ என்று சொல்வது அடையாளம். ‘அது நானேதான்’ என்று மெய்ப்பிப்பது உறுதிப்பாடு. 2024 டிசம்பரில், கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் புதிய ‘பிஸ்ஃபைல்’ தளத்தில் பலரது முழு அடையாள அட்டை எண்களையும் யாரும் தேடிப் பார்க்க முடிந்தது. அந்தச் சேவை சில நாள்களில் நிறுத்தப்பட்டு, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்த விவாதத்தில் வெளிப்பட்ட முக்கியப் பாடம் இது. அடையாள அட்டை எண் பெயரைப் போன்றது. அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக்கூடாது. உங்கள் சங்கத்தின் உறுப்பினர் கோப்பு அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொண்டு திறக்கிறது என்றால், அதை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெயர் நீக்கம்: தரவிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறோம். அது எப்போதும் உண்மையன்று. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரை அடையாளம் காணக்கூடும் என்று ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கும். குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காட்டினர். ஆக, ‘இந்தக் குறியீடு, தமிழர், பெண், வயது 71’ என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால், அந்த புளோக்கில் குடியிருப்போருக்கு அது எந்தப் பாட்டி என்று உடனே தெரிந்துவிடும். சிறுபான்மைச் சமூகத்தினருக்குப் பெயர் நீக்கம் தரும் பாதுகாப்பு குறைவு. கருத்தாய்வு நடத்தும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

இரகசியம் காத்தல்: நம்பி ஒப்படைத்த தகவலை வெளியே விடாத கடமை இது. வெளியாள் ஊடுருவினால்தான் தகவல் கசியும் என்பதில்லை. எச்ஐவி தொற்றுள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக 2019 ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதி பெற்றிருந்தவர் வழியாகத் தகவல் வெளியேறியதாக அமைச்சு கூறியது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம்.

தரவுக் கசிவு: 2018ல் சிங்ஹெல்த் தரவுத்தளத்தில் ஊடுருவியோர் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களைக் களவாடினர். அவர்களில் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். தாக்குதலின் அறிகுறிகளை ஊழியர்கள் சிலர் கவனித்தும் மேலிடத்துக்கு உடனடியாகத் தெரிவிக்கவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

2021 பிப்ரவரி முதல், 500 பேருக்குக் குறையாதோரைப் பாதிக்கும் அல்லது பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். அத்தகைய கசிவு என்று மதிப்பிட்டு முடிவுசெய்த மூன்று நாள்களுக்குள் அறிவிக்கவேண்டும். தவறு நடந்ததை மறைப்பது இரண்டாவது தவறு என்ற பழைய எண்ணத்துக்கு இப்போது சட்ட வடிவம் கிடைத்துள்ளது.

2. துல்லியம்

கணினி மீதான கண்மூடி நம்பிக்கை: ‘கணினியே சொல்லிவிட்டது’ என்ற வாக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சலகத்தின் ‘ஹொரைசன்’ விவகாரம் சான்று. 1999 முதல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கணக்கு மென்பொருளில் பிழைகள் இருந்தன. இல்லாத பணக்குறைவை அது காட்டியது. அதை நம்பி, சிறு அஞ்சலகங்களை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர், வீட்டை இழந்தனர். அவர்களின் தண்டனைகளை ரத்துசெய்ய 2024ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

பொய்த் தகவல்: தெரியாமல் பரப்பும் தவறான செய்தியும், தெரிந்தே பரப்பும் பொய்யும் வேறு வேறு. பாதிப்பு ஒன்றாக இருக்கலாம், பொறுப்பு வேறு. சிங்கப்பூரில் ‘பொஃப்மா’ எனப்படும் பொய்ச்செய்திக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் மருத்துவக் குறிப்புகளைப் பொறுத்தவரை சட்டத்துக்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘வந்ததை அனுப்பினேன்’ என்ற சொல் ஒரு சாக்கு. அனுப்பும் விரல் நம்முடையது.

ஆழப்போலி: ‘டீப்ஃபேக்’ என்று பரவலாக அறியப்படுவது. ஒருவரின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு போலியாக உருவாக்குவது. மின்னிலக்க நாணய முதலீட்டை ஊக்குவிப்பதுபோல் தம்மைக் காட்டிய போலிக் காணொளி குறித்துத் திரு லீ 2023 டிசம்பரில் எச்சரித்தார். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களின் ஆழப்போலிகளைத் தடைசெய்யும் சட்டம் 2024 அக்டோபரில் நிறைவேறியது. தனியாள்களும் இதற்கு இலக்காகிறார்கள். ஒருவரின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்புவது தண்டனைச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ‘விளையாட்டுக்குச் செய்தேன்’ என்று பிள்ளைகள் சொல்லும் நிலை வருமுன் பெற்றோர் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

விவர அம்பலம்: கோபத்தில் ஒருவரின் முகவரி, வேலையிடம், கைப்பேசி எண் ஆகியவற்றை இணையத்தில் போட்டுத் தொல்லைக்கு வழிவகுப்பது. ‘டாக்சிங்’ எனப்படும் இச்செயல் 2020 ஜனவரி 1 முதல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். எதிராளி தவறு செய்தவராகவே இருக்கலாம். அப்போதும் இது குற்றமே.

3. உடைமை

பதிப்புரிமையும் படைப்பாளர் பெயரும்: 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடும் உரிமையை வழங்குகிறது. நிகழ்ச்சிப் படங்களை எடுத்த இளையரின் பெயரை விட்டுவிட்டுச் சங்கத்தின் பெயரை மட்டும் போடுவதும், கவிதையைப் பெயரின்றிப் பகிர்வதும் நம்மிடையே பழகிப்போன வழக்கங்கள். அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நல்ல முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கிய மரபுடைமைத் திட்டத்தில் தொண்டூழியர்கள் பலர் உழைத்தனர். நூறுக்கணக்கான நூல்கள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

பயிற்சித் தரவு: செயற்கை நுண்ணறிவு, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகுகிறது. ‘கணினிவழித் தரவு ஆய்வுக்கு’ முறையாக அணுகக்கூடிய படைப்புகளைச் சில நிபந்தனைகளுடன் நகலெடுக்க அதே 2021 சட்டம் அனுமதிக்கிறது. சட்டப்படி சரி என்றாலும், எழுதியவருக்கு இதில் பங்கு என்ன என்ற அறக்கேள்வி உலகெங்கும் விவாதத்தில் உள்ளது. தமிழுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் பயிற்சித் தரவில் இல்லாவிட்டால் கருவிகளுக்குத் தமிழ் வராது. ‘ஏஐ சிங்கப்பூர்’ உருவாக்கிய ‘சீ-லயன்’ மொழி மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளுடன் தமிழையும் சேர்த்துக்கொண்டுள்ளது. படைப்பாளரின் உரிமை, மொழியின் இருப்பு என்ற இரண்டையும் ஒருசேர எடைபோட வேண்டியுள்ளது.

4. அணுக்கம்

மின்னிலக்க இடைவெளி: தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த முடிந்தோருக்கும் முடியாதோருக்கும் இடையிலான தூரம். கருவி இல்லாமை, இணையம் இல்லாமை, மொழி தெரியாமை, பயம் என இதற்குப் பல முகங்கள். மூத்தோர் மின்னிலக்கத் திறன் பெற உதவும் தேசியத் திட்டம் 2020ல் தொடங்கியது. மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உதவுகின்றனர். ஆனாலும் ‘கியூஆர் குறியீட்டை வருடிப் பதிவுசெய்யவும்’ என்று மட்டும் அறிவித்து நிறுத்திக்கொள்ளும் நிகழ்ச்சி, ஒரு சில மூத்தோரையாவது வாசலிலேயே நிறுத்திவிடும். ஒரு தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் போடுவது பெரிய செலவன்று.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரப்பிள்ளையோ அண்டைவீட்டாரோ உதவுவதற்காக சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உதவி தேவைதான். அருகில் அமர்ந்து அவரையே தட்டச் சொல்வது, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதைவிட மேல்.

வஞ்சக வடிவமைப்பு: பயனாளரைக் குழப்பி, அவர் விரும்பாததைச் செய்ய வைக்கும் திரை அமைப்பு. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஹேரி பிரிக்னல் 2010ல் இதற்குப் பெயரிட்டுப் பட்டியலிட்டார். சேர்வதற்கு ஒரே சொடுக்கு, விலகுவதற்கு ஏழு பக்கங்கள் என்றால் அது வஞ்சக வடிவமைப்பு. ‘ஏற்கிறேன்’ பெரிதாகப் பச்சையிலும் ‘மறுக்கிறேன்’ மங்கலாகச் சாம்பல் நிறத்திலும் இருப்பதும் அதே வகை.

5. செயற்கை நுண்ணறிவும் தீர்ப்பும்

மேசன் எழுதிய காலத்தில் இல்லாத சில சொற்கள் இப்போது சேர்ந்துள்ளன.

சார்பு: பழைய தரவில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கருவியும் கற்றுக்கொள்வது. 2018ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ இருவரும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை விகிதம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கருநிறப் பெண்களிடம் அது ஏறத்தாழ 35 விழுக்காடுவரை சென்றது. யாரும் வேண்டுமென்றே செய்ததன்று. பயிற்சிக்கும் சோதனைக்கும் பயன்படுத்திய படங்களில் எல்லாரும் போதிய அளவில் இடம்பெறவில்லை.

எளிய படிவத்திலும் சார்பு ஒளிந்திருக்கும். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாத இணையத்தளங்களைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். நமக்குத் தந்தை பெயர் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. விமானச்சீட்டில் ஒரு பெயர், கடப்பிதழில் இன்னொரு வரிசை என்று அவதிப்படுவது நம் தவறன்று. நம்மை எண்ணிப் பார்க்காமல் வரைந்த படிவத்தின் குறை.

விளக்கமும் வெளிப்படைத்தன்மையும்: ஒரு முடிவை இயந்திரம் எடுத்தது என்று தெரிவிப்பது வெளிப்படைத்தன்மை. ஏன் அப்படி முடிவெடுத்தது என்று புரியும்படி சொல்வது விளக்கம். 2019 ஜனவரியில் சிங்கப்பூர் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுமைக் கட்டமைப்பு, முடிவுகள் விளக்கத்தக்கவையாகவும் வெளிப்படையாகவும் நியாயமாகவும் இருக்கவேண்டும் என்கிறது. மனிதரை மையப்படுத்த வேண்டும் என்பதும் அதன் அடிப்படை.

மனிதக் கண்காணிப்பு: மனிதரே இறுதி முடிவெடுப்பது, இயந்திரம் செயல்பட மனிதர் மேற்பார்வையிடுவது, முழுவதும் இயந்திரத்திடம் விடுவது என மூன்று நிலைகளை அதே கட்டமைப்பு விளக்குகிறது. பாடல் பரிந்துரைக்கு மூன்றாவது நிலை போதும். நோயறிதலுக்கும் வேலைக்கு ஆளெடுப்பதற்கும் போதாது. தவறினால் பாதிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே நிலையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பொறுப்புடைமை: தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது. உருவாக்கியவர், விற்றவர், வாங்கிப் பயன்படுத்தியவர் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால், பாதிக்கப்பட்டவர் தனித்து நிற்பார். ‘கணினிக் கோளாறு’ என்பது காரணமாகலாம், பதிலாகாது.

படிவம் அனுப்புமுன் கேட்க வேண்டியவை

இத்தனை சொற்களும் அன்றாடத்தில் ஆறு கேள்விகளாகச் சுருங்கும். அடுத்த நிகழ்ச்சிக்குப் படிவம் தயாரிக்கும் தொண்டூழியர்கள் இவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

• இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா? உணவு எண்ணிக்கைக்கு அடையாள அட்டை எண் தேவையில்லை. சட்டம் கோரும் சூழல்கள் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை தவிர, அந்த எண்ணைப் பொதுவாகக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி.
• எதற்காகக் கேட்கிறோம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறோமா?
• யார் யார் திறந்து பார்க்கலாம்? சென்ற ஆண்டுச் செயலவை உறுப்பினர்களுக்கு இன்னும் அனுமதி இருக்கிறதா?
• எந்த நாளில் அழிப்போம்? தேவை முடிந்தபின் தரவை வைத்திருக்கக்கூடாது என்பதும் சட்டமே.
• படம் எடுப்போம், பகிர்வோம் என்று முன்கூட்டியே சொன்னோமா? வேண்டாம் என்பவருக்கு வழி வைத்திருக்கிறோமா?
• திறன்பேசி இல்லாதவர் எப்படிப் பதிவுசெய்வார்?

இவற்றில் நான்காவது கேள்வியே பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இன்றே உங்கள் கூகல் கணக்கைத் திறந்து, முடிந்துபோன நிகழ்ச்சிகளின் படிவங்கள் எத்தனை அப்படியே கிடக்கின்றன என்று பாருங்கள். தேவையற்றவற்றை அழிக்கச் சில நிமிடங்கள் போதும். அவற்றில் இருப்பவை நம்மை நம்பித் தந்தவர்களின் பெயர்கள்.